இந்துமதிக்குக் கைதட்டினால் போதுமா?

விக்கிரவாண்டி என்றால் டோல்கேட், பஸ் நிற்கும் மோட்டல், அப்புறம் 2024 அக்டோபர் 27 அன்று வி.சாலையில் நடந்த விஜய் கட்சி மாநாடு. அந்த ஒரு நாளுக்காக ஏக்கர் கணக்கில் நிலத்தைச் சமப்படுத்த முடிந்தது. அங்கிருந்து விழுப்புரம் போய் பஸ் மாறினால் கடலூர். 1993 வரை எல்லாம் ஒரே தென்னாற்காடுதான். அந்தக் கடலூர்க்காரர் இந்துமதி கதிரேசன். பெயரைச் சொன்னால் யாரென்று தெரிகிறவர்கள் இந்தப் பக்கம் எத்தனை பேர்?

2017 ஜனவரி 4, சிலிகுரி. தெற்காசியக் கால்பந்து இறுதிப் போட்டியில் வங்கதேசத்துக்கு எதிராக இந்தியா போட்ட மூன்று கோல்களில் ஒன்று இவருடையது. 2018-ல் கட்டாக்கில் மணிப்பூரை (ஆமாம், மணிப்பூரை!) வென்று தமிழ்நாடு தேசிய சாம்பியன் ஆனபோதும் கோல் போட்டவர். 2019 தெற்காசிய அரையிறுதியில் இரண்டு.

இத்தனைக்கும் பிறகு பத்திரிகைகள் அவரைப் பரவலாகக் கண்டுபிடித்தது 2020-ல். கொரோனா ஊரடங்கில் சென்னை அண்ணா நகரில் சப்-இன்ஸ்பெக்டராக ரோந்து போனார் அல்லவா, அதற்காக! காலில் பந்து இருந்தால் செய்தியில்லை, உடம்பில் காக்கி இருந்தால் செய்தி.

போலீஸ் வேலை கிடைத்ததே, இன்னும் என்ன வேண்டும் என்று ஜல்லியடிப்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்கட்டும். இந்திய மகளிர் லீகின் முதல் சீசன் 2017 ஜனவரி 28-ல் தொடங்கி பிப்ரவரி 14-ல் முடிந்தது. பதினெட்டே நாள்! கல்யாண வீட்டு விருந்து மாதிரி கூப்பிட்டு, சாப்பிட வைத்து, அனுப்பிவிட்டார்கள். ஆடவர் ஐ.எஸ்.எல்.லோ 2014-லேயே மாதக்கணக்கில் ஓடியது.

பெண்கள் ஆட்டத்துக்குக் கூட்டம் வராது என்பது அடுத்த சப்பைக்கட்டு. அதே 2017 பிப்ரவரி 3 அன்று மெல்போர்னில் பெண்களுக்கான ஆஸ்திரேலிய ஃபுட்பால் லீகின் முதல் ஆட்டம். 24,000 பேருக்கு மேல் உள்ளே போனதும் கேட்டை மூடினார்கள். (இலவச அனுமதிதான். இங்கே இலவசமாகக்கூட யாரும் அழைக்கவில்லையே!) அந்தப் பெண்களில் பலரும் பகலில் வேறு வேலை பார்த்தவர்கள்தான். ஆனால் அங்கே லீக் வளர்ந்தது, 2023-ல் சம்பளத்தை ஏற்றி ஐந்தாண்டு ஒப்பந்தமும் போட்டார்கள்.

அரசு வேலையைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அது ஜெயித்துக் காட்டியவருக்குக் கிடைப்பது. விக்கிரவாண்டியில் எட்டாவது படிக்கிற பெண்ணுக்கு இன்று வேண்டியது கோல்போஸ்ட் நட்ட ஒரு மைதானம், பள்ளி விட்டதும் வந்து நிற்கும் ஒரு கோச், வருஷம் பூரா மேட்ச். மாநாட்டுக்குச் சமப்படுத்தியதில் இரண்டு ஏக்கர் போதும் மைதானத்துக்கு.