கணினிக்கும் பாடி கட்டுவோம்!

நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் லாரிக்குப் பாடி கட்டுவதைக் காணாதவர் நம்மில் உண்டோ? சேஸிஸ் வந்ததும் பட்டறையில் எழும் முதற்கேள்வி, "என்ன பாரம் ஏற்றப் போகிறீர்கள்?" என்பதே. முட்டை ஏற்றுபவர் டேங்கர் கட்டச் சொல்வதில்லை.

பாகம் பாகமாக வாங்கிக் கணினி பூட்டும்போதோ அக்கேள்வியை மறந்துவிடுகிறோம். கண்ணாடிப் பெட்டியும் வண்ண விளக்கும் மனத்தைக் கவர, மிச்சப் பணத்தில் மலிவான பவர் சப்ளை வந்து சேருகிறது. மின்னழுத்தம் ஏறி இறங்குகையில் முதலில் அடிபடுவது அதுவே. தரமற்றதாயின் மதர்போர்டையும் உடன் கெடுத்துவிடும்.

பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தவும் வேண்டும். 2022இல் வந்த ஏஎம்5 வகை மதர்போர்டில் டிடிஆர்5 ரேம்தான் பொருந்தும்; பழைய டிடிஆர்4 நுழையாது. பாடம் எழுதவும் நிரல் பழகவும், கிராபிக்ஸ் உள்ளடங்கிய ப்ராசஸரே போதும். தனிக் கார்டுக்காகும் பணத்தில் எஸ்.எஸ்.டி.யும் 16 ஜிபி ரேமும் வாங்கலாமே!

பெற்றோரே, கடைக்கு அண்ணனை மட்டும் அழைத்துச் செல்லாதீர்கள், எங்களையும் அழையுங்கள். தோழியரே, புறப்படுமுன் கணினியால் ஆகவேண்டிய வேலைகளைத் தாளில் எழுதிக்கொள்வோம். பெற்றோரின் வியர்வைக் காசும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட தாலந்தே. அதை விளக்கொளியில் வீணாக்காதிருப்போம்!