சட்டம் ஒன்று, தவணை இரண்டு

பந்தாட்டக்காரரின் வழக்குகளில் உழவனுக்கும் உத்தியோகத்தனுக்கும் என்ன வேலை என்று கேட்போர் உளர். ஒரே சட்டத்தின் கீழ் நிறுத்தப்பட்ட இருவருள் ஒருவர் நாட்கணக்கிலும் மற்றவர் ஆண்டுக்கணக்கிலும் விடை பெறுவாராயின், அஃது எந்த மன்றில் நிகழ்ந்தாலும் நியாயத்தை நாடுவோர் அனைவரதும் காரியமாகும். தொழில்முறை டெனிஸ் உலகில் ஊக்கமருந்து வழக்குகள் இன்று அவ்வாறே நடைபெறுகின்றன.

2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், இத்தாலிய வீரர் யானிக் சின்னரின் சிறுநீரில், எட்டு நாள் இடைவெளியில் இரு முறை, குளொஸ்ரெபோல் என்னும் தடைசெய்யப்பட்ட மருந்து காணப்பட்டது. அளவோ ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கினும் குறைவு. தம் உடலைப் பிடித்துவிடும் உதவியாளர் தமது விரற்காயத்திற்கு அம்மருந்து கலந்த தெளிமருந்தை இட்டார் என்றும், அவர் கைவழியே அது தம் தோலில் ஏறிற்று என்றும் சின்னர் விளக்கம் அளித்தார். முதலாவது தற்காலிகத் தடை ஒரே நாளிலும், இரண்டாவது மூன்று நாட்களிலும் நீங்கின. பத்து நாட்களுக்குள் மனுச் செய்து தடையை நீக்கிக்கொண்டால் செய்தி வெளியிடப்படமாட்டாது என்பது விதி. ஆகவே உலகம் ஒன்றும் அறியவில்லை. ஜூன் மாதத்தில் அவர் உலகின் முதல்நிலை வீரரானார். ஆகஸ்ட் 20ஆந் திகதி, குற்றமற்றவர் என்ற தீர்ப்போடு சேர்ந்தே குற்றச்சாட்டும் வெளிவந்தது!

சின்னர் ஏமாற்றினார் என்று யாம் கூறவில்லை. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகமே அவருக்கு ஏமாற்றும் எண்ணம் இருக்கவில்லை என்பதை ஏற்றுக்கொண்டது. அவருக்குக் கிடைத்த விரைந்த விசாரணை பிறருக்கு ஏன் கிட்டவில்லை என்பதே எமது வினா.

ருமேனிய வீராங்கனை சிமோனா ஹலெப் 2022 ஒக்டோபரில் இடைநிறுத்தப்பட்டார். தாம் அருந்திய சத்துப்பொடி மாசுற்றது என்றார். 2023 செப்டெம்பரில் நான்கு ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது. 2024 மார்ச்சில் விளையாட்டு நடுத்தீர்ப்பு மன்று அதனை ஒன்பது மாதமாகக் குறைத்தது. அதற்குள் அவர் கழித்திருந்ததோ பதினேழு மாதம்! தண்டனையினும் ஏறக்குறைய இரு மடங்கு காலம் மறியலில் இருந்தவனுக்கு விடுதலைக் கட்டளை வாசித்துக் காட்டுவதை ஒக்கும் இது. 2025 பெப்ரவரியில் அவர் ஆட்டத்தினின்றும் ஓய்வு பெற்றார்.

ஹலெப் இரு பெரும் பட்டங்கள் வென்ற செல்வர். அத்தகைய வசதியற்ற பிரித்தானிய இரட்டையர் ஆட்டக்காரி தாரா மூரின் கதை இன்னும் நீண்டது. 2022இல் பொகோற்றா நகரில் ஆடியபோது எடுத்த மாதிரியில் நன்ட்ரோலோன், போல்டெனோன் ஆகிய இரண்டும் காணப்பட்டன. கால்நடைகளுக்கு ஏற்றப்படும் மருந்து இறைச்சிவழி வந்தது என்று அவர் வாதாடினார். (மாட்டிற்கு ஊசி போட்டவன் எவனோ, பதில் சொல்பவள் இவள்!) பத்தொன்பது மாதங்களின் பின், 2023 டிசெம்பரில், மன்று அவரை விடுவித்தது. சர்வதேச டெனிஸ் நேர்மை முகவரகம் அவ்விடுதலையை எதிர்த்து மேன்முறையிட்டது. 2025 ஜூலையில் நடுத்தீர்ப்பு மன்று, நன்ட்ரோலோன் அளவுக்கு இறைச்சியே காரணம் என்பதை அவர் நிரூபிக்கவில்லை எனப் பெரும்பான்மையாக முடிவு செய்து, கழித்த பத்தொன்பது மாதங்களைக் கழித்துக்கொண்டு, நான்கு ஆண்டுத் தடை விதித்தது. இறுதிச் சொல் வர மூன்று ஆண்டுகளுக்கு மேல்!

இங்கே சட்டத்தின் இயல்பை விளக்குதல் வேண்டும். குற்ற வழக்கில் குற்றத்தை நிரூபிப்பது வழக்குத்தொடுநரின் கடமை. இங்கோ, உடலில் மருந்து இருந்தாலே குற்றம் நிலைபெற்றுவிடும். அது புகுந்த வழியைக் காட்டும் பாரம் ஆட்டக்காரரைச் சாரும். இவ்விதி கடுமையானதாயினும் அவசியமானதே. இன்றேல் ‘அறியேன்’ என்ற ஒரு சொல்லால் எவரும் தப்புவர். ஆனால் வழியைக் காட்டுவதற்கு ஆய்வுகூடமும் நிபுணரும் அப்புக்காத்துமாரும் வேண்டும். மருந்துக் குப்பி தம் குழுவினரிடமே இருந்தமையால் சின்னருக்கு விடை உடன் கிட்டியது. ஒரு தட்டு இறைச்சியைப் பல வாரங்களின் பின் எங்கே போய்த் தேடுவது? சட்டம் இருவருக்கும் ஒன்றே. அதைப் பயன்படுத்தும் ஆற்றல் ஒன்றன்று.

சின்னரின் வழக்கு முடிந்த விதமும் எமக்கு உவப்பாயில்லை. ஓராண்டு முதல் ஈராண்டு வரை தடை கோரி மேன்முறையிட்ட உலக முகவரகம், 2025 ஏப்ரலில் விசாரணை குறிக்கப்பட்டிருக்க, பெப்ரவரியில் மூன்று மாதத் தடைக்கு இணங்கிற்று. பெப்ரவரி 9 முதல் மே 4 வரையான அத்தடைக்குள் நாற்பெரும் போட்டிகளுள் ஒன்றும் விழவில்லை. உதவியாளரின் கவனக்குறைவுக்கு ஆட்டக்காரர் எவ்வளவு பொறுப்பு என்ற வினாவுக்குக் கிடைத்திருக்கக்கூடிய முன்தீர்ப்பு, இணக்கத்தால் இல்லாதொழிந்தது. அடுத்து வரும் ஏழை ஆட்டக்காரர் எதனை எடுத்துக்காட்டி வாதாடுவார்?

தற்காலிகத் தடைக்குக் காலவரையறை வேண்டும். ஆறு மாதத்துள் விசாரணை முடியாவிடின், தாமதம் ஆட்டக்காரருடையதல்லாதபோது, தடை தானாக நீங்கல் வேண்டும். பின்வரிசை ஆட்டக்காரருக்கு ஆய்வுச் செலவும் வழக்குச் செலவும் வழங்க ஒரு நிதி வேண்டும். பணம் எங்கே என்பர். வழக்குத் தொடுக்கும் நேர்மை முகவரகத்துக்குப் பணம் கொடுப்போருள் விம்பிள்டன் உள்ளிட்ட நாற்பெரும் போட்டிகளும் அடங்கும். எதிர்வழக்காடுவோருக்கும் அதே பெட்டியிலிருந்து கொடுக்கலாம்.