அடுத்த வீட்டில் ஒரே குரலா?

சென்ற மாதம் நம் சங்கத்தின் செயற்குழு கூடியபோது நான் ஒரு சிறு வேண்டுகோளை முன்வைத்தேன். திங்கள்தோறும் நடைபெறும் நம் இலக்கிய வட்டத்தில் ஒரு மாலைப் பொழுதைப் பாகிஸ்தான் எழுத்தாளர்களுக்கு ஒதுக்கலாமே என்பதுதான் அது. உடனே எழுந்தார் ஓர் அண்ணன். முதுகலை இறுதியாண்டு மாணவர். நான் பெரிதும் மதிப்பவர்.

"தம்பி! நம் தமிழில் எழுத்தாளருக்குப் பஞ்சமா? போயும் போயும் பாகிஸ்தான்காரன் எழுத்தையா படிக்க வேண்டும்? அங்கே எல்லோரும் பாடுவது ஒரே பாட்டுத்தானே?" என்றார். அவையில் சிரிப்பொலி எழுந்தது. என் வேண்டுகோள் வாக்கெடுப்புக்குக்கூட வராமல் 'பிறகு பார்க்கலாம்' என்ற பெட்டிக்குள் போய்ச் சேர்ந்தது.

அன்றிரவு நெடுநேரம் எனக்கு உறக்கம் வரவில்லை. தோற்ற வருத்தம் பெரிதாக இல்லை. சங்கத்தில் தோற்பது எனக்குப் புதிதன்று. அண்ணன் கடைசியாகச் சொன்ன வாசகம்தான் காதிலேயே நின்றது. இதை நான் முன்பே எங்கோ கேட்டிருக்கிறேன். எங்கே? இதே தில்லியில்தான், நம்மைப் பற்றித்தான்! நாம் இங்கு வந்து இறங்கிய முதல் வாரத்தை நினைத்துப் பாருங்கள். நாகர்கோவிலில் பிறந்தவனும் 'மதராசி', கோவையில் பிறந்தவனும் 'மதராசி'. பக்கத்து அறை மலையாளியும் 'மதராசி', எதிர் அறைத் தெலுங்கரும் 'மதராசி'. நாம் என்ன உண்போம், என்ன பேசுவோம், யாரைக் கும்பிடுவோம், யாரைக் கும்பிடமாட்டோம் என்பதெல்லாம் நம்மைக் கேட்காமலே அவர்களுக்குத் தெரியும்! அப்போது நமக்குச் சுட்டதன்றோ? நம்மைச் சுட்ட கொள்ளியை நாமே எடுத்து அடுத்தவர்மேல் வைக்கலாமா?

பாகிஸ்தானில் எல்லோரும் பாடுவது ஒரே பாட்டுத்தானா? பார்ப்போம்.

லாகூர் நகரின் மால் சாலையில், அனார்கலிக் கடைத்தெருவுக்கு அருகே, ஒரு தேநீர் விடுதி உண்டு. 'பாக் டீ ஹவுஸ்' என்று பெயர். பிரிவினைக்கு முன்பு அதன் பெயர் 'இந்தியா டீ ஹவுஸ்', நடத்தியவர்கள் சீக்கியர்கள். பிரிவினைக்குப் பின் பெயர்ப் பலகையில் ஒரு சொல் மாறிற்று. ஆனால் அங்கே பேச்சு நிற்கவில்லை. கவிஞர்களும் கதாசிரியர்களும் கையில் காசு இல்லாத இளைஞர்களும் ஒரு கோப்பைத் தேநீரை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் வாதிட்ட இடம் அது. வியாபாரம் நலிந்து 2000-ஆம் ஆண்டில் அது மூடப்பட்டது. எழுத்தாளர்கள் விடாமல் குரல் கொடுத்தபின், 2013-இல் மீண்டும் திறக்கப்பட்டது.

அந்த மேசைகளில் அமர்ந்தவர்கள் ஒரே கட்சியினர் அல்லர். ஒரு பக்கம் முற்போக்கு எழுத்தாளர்கள். 1936-இல் லக்னோவில் பிரேம்சந்தின் தலைமையில் முதல் மாநாடு நடத்திய இயக்கத்தின் வழிவந்தவர்கள். எழுத்து ஏழையின் பக்கம் நிற்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. மற்றொரு பக்கம் 1939-இல் லாகூரில் தோன்றிய 'ஹல்கா-இ-அர்பாப்-இ-சௌக்' என்ற இலக்கிய வட்டம். எழுத்து முதலில் எழுத்தாக இருக்கட்டும் என்பது இவர்கள் வாதம். இவர்கள் கூட்டத்தில் ஒருவர் தம் படைப்பைப் படிப்பார். மற்றவர்கள் அவர் முன்னிலையிலேயே அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போடுவார்கள். நம் இலக்கிய வட்டத்தில் 'அருமை, அருமை' என்று சொல்லிவிட்டுக் கலைந்து போகிறோமே, அந்த வழக்கம் அங்கே செல்லாது.

இந்தச் சச்சரவின் அழகைக் காட்ட ஒரு நிகழ்ச்சி போதும். பம்பாயை விட்டு 1948-இல் லாகூருக்குச் சென்ற சாதத் ஹசன் மண்ட்டோ, பிரிவினைக் கலவரத்தைப் பற்றி 'தண்டா கோஷ்த்' என்ற கதையை எழுதினார். ஆபாசம் என்று வழக்குத் தொடுத்தது அரசாங்கம். முற்போக்காளர்களோ மண்ட்டோவைத் தங்கள் வட்டத்திலிருந்து விலக்கிவைத்த காலம் அது. அந்த அணியின் பெருங்கவிஞர் பைஸ் அகமத் பைஸ் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். என்ன சொன்னார்? கதை ஆபாசமன்று என்றார். அதே மூச்சில், இலக்கியத்தின் உயர்ந்த தரத்தை அது எட்டவில்லை என்றும் சொன்னார்! தமக்கு முழுதும் பிடிக்காத ஒரு கதைக்காகக் கூண்டேறி நின்ற நேர்மையை எண்ணிப் பாருங்கள். நண்பனைப் புகழ்ந்து காப்பாற்றுவது எளிது. கருத்து வேறுபட்டவனின் உரிமைக்காகச் சாட்சி சொல்வதே அரிது. 1951-இல் அதே பைஸ் இராவல்பிண்டிச் சதி வழக்கில் கைதாகி, 1955 வரை சிறையில் இருந்தார். மண்ட்டோ அந்த 1955-ஆம் ஆண்டு ஜனவரியில் மறைந்தார்.

மொழியின் கதை இதைவிடப் பெரிது. 'பாகிஸ்தான் என்றால் உருது' என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். 2023-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, அந்நாட்டில் உருதைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் நூற்றுக்கு 10 பேர்கூட இல்லை. பஞ்சாபி பேசுவோர் 37 பேர், பஷ்தூ 18, சிந்தி 14, சராய்க்கி 12. அப்படியிருந்தும் 1948 மார்ச்சில் ஜின்னா டாக்காவில் நின்று, உருது ஒன்றே அரசாங்க மொழி என்றார். 1952 பிப்ரவரி 21-ஆம் நாள் அந்நகரில் வங்க மொழிக்காக ஊர்வலம் வந்த மாணவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 1956-இன் அரசியலமைப்பு வங்க மொழிக்கும் இடம் தந்தது. ஆனால் பட்ட புண் ஆறவில்லை. 1971-இல் நாடே இரண்டாயிற்று. மொழிப் போராட்டம் என்றால் என்ன என்பதைத் தமிழ் மாணவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தக் கதையை நம்மைவிட நெருங்கிப் படிக்கக் கூடியவர் வேறு யார்?

எஞ்சிய பாகிஸ்தானும் ஒரே குரலில் பேசவில்லை. பஞ்சாபியில் பாடிய உஸ்தாத் தாமன் ஒரு தையற்காரர். பஷ்தூவில் எழுதிய அஜ்மல் கட்டக்கும், பலூச்சியில் எழுதிய குல்கான் நசீரும் கவிதைக்கும் அரசியலுக்கும் நடுவே வாழ்ந்தவர்கள். பிரிவினையை ஒரு சிறுமியின் கண்கொண்டு பார்த்து 'ஐஸ்-கேண்டி-மேன்' நாவலை ஆங்கிலத்தில் எழுதிய பாப்ஸி சித்வா பார்சி சமயத்தவர். கிஷ்வர் நாஹீத் பெண்ணின் சினத்தை உருதுக் கவிதைக்குள் கொண்டுவந்தவர். அயூப்கானின் அரசியலமைப்பை ஏற்கமாட்டேன் என்று 1962-இல் மேடையேறிப் பாடிய ஹபீப் ஜாலிப், 1983 பிப்ரவரி 12-இல் லாகூரில் பெண்கள் நடத்திய ஊர்வலத்திலும் நின்று தடியடி பட்டார். இவர்களில் எவர் பாட்டு அந்த 'ஒரே பாட்டு'?

என் நெஞ்சை விட்டு நீங்காதவர் ஒருவர் உண்டு. சிந்திக் கவிஞர் ஷேக் அயாஸ். அவருடைய நண்பர் நாராயண் ஷியாமும் சிந்திக் கவிஞரே, இந்து. பிரிவினை அவரை இந்தியாவுக்கு அனுப்பிவிட்டது. 1965-இல் இரு நாடுகளும் போரில் இறங்கியபோது, எல்லைக்கு அப்பால் நிற்பவன் என் மொழியையும் என் கனவையும் பகிர்ந்தவனாயிற்றே, அவன்மீது நான் எப்படித் துப்பாக்கி நீட்டுவேன் என்னும் பொருளில் அயாஸ் ஒரு கவிதை எழுதினார். போர்க்காலத்தில் எழுதினார் என்பதைக் கவனியுங்கள். துரோகி என்ற பட்டம் கிடைத்தது, சிறையும் கிடைத்தது. அதே மனிதர் பின்னர் 1976-இல் சிந்து பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார்.

இனி, நம் தில்லி அறிந்த ஒருவர். ஃபஹ்மிதா ரியாஸ். ஜியாவுல் ஹக்கின் இராணுவ ஆட்சியில் தம் பத்திரிகைக்காக வழக்குமேல் வழக்கைச் சந்தித்தவர். 1980-களின் தொடக்கத்தில் குடும்பத்துடன் இந்தியாவுக்கு வந்து, ஏறத்தாழ ஏழாண்டுகள் இங்கே வாழ்ந்தார். ஜாமியா மில்லியாவில் அவருக்கு இடம் கிடைத்தது. பிற்காலத்தில், சமயத்தின் பெயரால் அரசியல் நடத்தும் போக்கு இந்தியாவிலும் வளர்வதைக் கண்டு, என் நாடு விழுந்த குழியை நோக்கியா நீங்களும் நடக்கிறீர்கள் என்ற கருத்தில், கிண்டலும் துயரமும் கலந்து ஒரு கவிதை எழுதினார். அவருடைய அச்சம் பலித்ததா இல்லையா என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இருக்கலாம், இருக்கட்டும். ஆனால் அடுத்த வீட்டில் சூடுபட்டவர் சொல்லும் எச்சரிக்கையைக் காது கொடுத்தாவது கேட்க வேண்டாமா?

அண்ணனின் வாதத்தில் ஒரு நியாயம் உண்டு. அதை நான் மறைக்க மாட்டேன். "மும்பையில் 2008-இலும், பகல்காமில் 2025-இலும் சிந்திய குருதியை மறக்கச் சொல்கிறாயா?" என்று கூட்டம் முடிந்து வெளியே வந்தபின் அவர் கேட்டார். அவர் குரலில் வெறுப்பு இல்லை, வேதனை இருந்தது. இல்லை அண்ணா, மறக்கச் சொல்லவில்லை. கொலை கொலைதான். அதை ஏவியவனையும் அவனுக்கு இடங்கொடுத்தவனையும் எந்தக் கவிதையும் காப்பாற்றாது, காப்பாற்றவும் கூடாது.

பாகிஸ்தான் எழுத்தாளர்கள் எல்லோரும் மகாத்மாக்கள் என்றும் நான் சொல்லவில்லை. 1965-இல் போர்ப்பாட்டு எழுதிக் கைதட்டல் வாங்கிய கவிஞர்கள் அங்கே பலர். 1971-இல் வங்க மக்கள்மீது இராணுவம் ஏவப்பட்டபோது, மேற்கே எழுந்த எதிர்ப்புக் குரல்கள் மிகச் சில. ஜாலிப் அந்தச் சிலரில் ஒருவர். பலர் வாய் திறக்கவில்லை. துணிந்தவரும் அஞ்சியவரும் விலைபோனவரும் கலந்துதான் எந்த நாட்டு எழுத்துலகமும் இருக்கும். நம் நாட்டு எழுத்துலகம் மட்டும் வேறா?

நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஓர் அரசாங்கத்தை எதிர்ப்பதற்கு, அந்நாட்டு மக்களெல்லாம் ஒரே வாய் என்று நம்ப வேண்டிய அவசியமில்லை. அப்படி நம்பும்போது நாம் யாருக்கு உதவி செய்கிறோம்? 'நாட்டின் ஒரே குரல் நானே' என்று அங்குள்ள சர்வாதிகாரிகள் காலமெல்லாம் சொல்லிவந்தார்கள். அதை மறுத்துத்தான் பைஸும் அயாஸும் ஜாலிப்பும் சிறை சென்றார்கள். 'அங்கே எல்லோரும் ஒரே பாட்டுத்தான்' என்று இங்கே உட்கார்ந்து நாம் சொன்னால், சிறை சென்றவரை விட்டுவிட்டுச் சிறையில் தள்ளியவரின் பேச்சுக்குத் தலையாட்டுகிறோம் என்று பொருள்.

முடிக்குமுன் இன்னொரு தேநீர் மேசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கராச்சியில் சபீன் மஹ்மூத் என்ற பெண்மணி 2007-இல் 'தி செகண்ட் ஃப்ளோர்' என்ற சிற்றுண்டிச்சாலையைத் தொடங்கினார். புத்தகம், இசை, விவாதம் எல்லாவற்றுக்கும் அங்கே இடம் உண்டு. பலூச்சிஸ்தானத்தில் காணாமற்போனவர்களைப் பற்றி ஒரு பல்கலைக்கழகத்தில் நடக்கவிருந்த கலந்துரையாடல் கைவிடப்பட்டது. 'என் இடத்தில் நடத்துங்கள்' என்று அழைத்தார் சபீன். 2015 ஏப்ரல் 24-ஆம் நாள் அந்தக் கூட்டம் நடந்தது. அன்றிரவு வீடு திரும்பும் வழியிலேயே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஒரு மாலைப் பொழுது சிலர் கூடிப் பேசுவதற்காக ஒருத்தி உயிரையே கொடுத்திருக்கிறாள். நம்மிடம் யாரும் உயிரைக் கேட்கவில்லை. இரண்டு மணி நேரம் கேட்கிறேன். பாய் விரிக்க ஓர் அறை கேட்கிறேன். மண்ட்டோவின் கதைகள் தமிழில் நூலாக வந்திருக்கின்றன. அயாஸையும் ஃபஹ்மிதாவையும் மொழிபெயர்ப்பில் படிக்கலாம். உருது படிக்கும் விடுதி நண்பர்களை அழைத்து மூலத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்கலாம். பிடிக்காவிட்டால் பைஸ் செய்ததுபோல் செய்வோம்: தரமில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வோம். ஆனால் படித்துவிட்டுச் சொல்வோம்.

அடுத்த செயற்குழுவில் என் வேண்டுகோளை மறுபடியும் கொண்டுவரப் போகிறேன். இம்முறை வாக்கெடுப்பு வேண்டும். வென்றால், அந்த மாலைக்கு அண்ணனே தலைமை தாங்க வேண்டும் என்பது என் விருப்பம். எதிர்த்துப் பேசுவோர் இல்லாத கூட்டத்துக்குச் சுவை ஏது? தேநீர்ச் செலவு என்னுடையது.