கிளட்சை மாற்றினால் மட்டும் போதுமா?

காரிலிருந்து கிளட்ச் மிதி காணாமற்போனவுடன் கிளட்சும் போய்விட்டது என்ற எண்ணம் நம்மவரிடையே பரவலாக இருக்கிறது. "ஒட்டோ கியர்" என்ற ஒரே பெயரால் எல்லாவற்றையும் அழைப்பதன் விளைவு இது. உண்மையில் அந்தப் பெயருக்குள் வெவ்வேறு இயந்திரங்கள் ஒளிந்திருக்கின்றன. 2014இல் இந்தியாவில் அறிமுகமான மாருதி சுசுகி செலேரியோவின் கியர் பெட்டி, அடிப்படையில் பழைய மனுவல் கியர் பெட்டியேதான். சாரதியின் இடது காலும் இடது கையும் செய்த வேலையை ஓர் இயக்கியும் கட்டுப்பாட்டுக் கணினியும் செய்கின்றன. 2013இல் ஜப்பானில் வெளியான ஹொண்டா ஃபிட் ஹைபிரிட்டிலும், அதே ஆண்டின் இறுதியில் வந்த வெசல் ஹைபிரிட்டிலும் ஏழு கியர்கள். அவற்றுக்கு இரண்டு உலர் கிளட்சுகள். இலங்கை வீதிகளில் இவற்றை எண்ணி முடியாது.

கிளட்ச் என்றால் தேயும். கொழும்பின் மாலை நெரிசலில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தாலும், கடுகண்ணாவை ஏற்றத்தில் லொறிக்குப் பின்னால் ஏறினாலும், உலர் கிளட்ச் சூடேறித் தேய்கிறது. என்றாவது ஒரு நாள் மாற்றத்தான் வேண்டும். அந்த நாளில்தான் சங்கடம் தொடங்குகிறது.

முன்னைய காலத்து மெக்கானிக், தட்டை மாற்றிய பின் கேபிளின் முனையிலுள்ள நட்டைத் திருகி, மிதியை மிதித்துப் பார்த்து, "சரி, இப்போது பிடிக்கிறது" என்பார். கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கத் தொடங்குகிறது என்பதை அவருடைய பாதம் அறிந்திருந்தது. இப்போது அந்த அறிவு ஓர் எண்ணாகக் கட்டுப்பாட்டுக் கணினியின் நினைவில் இருக்கிறது. தட்டு தேயத் தேய, கணினி அந்த எண்ணைச் சிறிது சிறிதாகத் திருத்திக்கொண்டே வருகிறது. திடீரென்று தடித்த புதிய தட்டைப் பூட்டினால், கணினி இன்னமும் மெலிந்துபோன பழைய தட்டையே நினைத்துக்கொண்டு இயக்கியைத் தள்ளுகிறது. புறப்படும்போது வண்டி அதிர்கிறது. ஏற்றத்தில் பின்னே வழுக்குகிறது. கிளட்ச் முழுதாக விடுபடாவிட்டால் கியர் விழ மறுக்கிறது. "புதுக் கிளட்சும் பழுது" என்று முடிவு கட்டி மீண்டும் கழற்றுகிறார்கள். உரிமையாளர் இரண்டு தடவை பணம் கட்டுகிறார்.

இதைத் தவிர்ப்பதற்கான வழி பெரிய வித்தையல்ல. சோதனைக் கருவியைப் பொருத்தி, பற்றரியின் மின்னழுத்தம் குறையாமல் சார்ஜரை இணைத்து, சில்லுகளுக்குக் கட்டை வைத்து, எஞ்சின் உரிய வெப்பநிலையை அடைந்ததும் பிடிப்புப் புள்ளியைப் புதிதாகக் கற்குமாறு கணினிக்குக் கட்டளையிட வேண்டும். இயக்கி கிளட்சை முன்னும் பின்னும் அசைத்து அளவெடுத்துக்கொள்ளும். நிறுவனத்துக்கு நிறுவனம் ஒழுங்கு மாறுபடும் என்றாலும் சாரம் இதுதான். சில வண்டிகளில், கழற்றுவதற்கு முன்னரே மென்பொருள் மூலம் இயக்கியைத் திருத்த நிலைக்குக் கொண்டுவர வேண்டும். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் வகைகளில் அழுத்தத்தை இறக்காமல் குழாயில் கைவைப்பது ஆபத்து.

இதைவிட முக்கியமானது, கழற்றுவதற்கு முன் நடக்க வேண்டிய சோதனை. அதிர்வு கண்டவுடன் கிளட்சைக் குற்றவாளியாக்குவது நம் கராஜுகளில் வழக்கம். இயக்கியோ உணரியோ பழுதாக இருக்கலாம். வெறும் அளவு பிசகாகவும் இருக்கலாம். ஃபிட் ஹைபிரிட் சந்தைக்கு வந்த சில மாதங்களிலேயே, கியர் பெட்டியைக் கட்டுப்படுத்தும் மென்பொருளைத் திருத்துவதற்காக ஹொண்டா அவ்வாகனங்களை ஜப்பானில் ஒரு முறைக்கு மேல் திரும்ப அழைத்தது. அங்கே குறை தட்டில் அல்ல, கட்டளையில் இருந்தது. மென்பொருளைத் திறந்து பார்க்காமல் ஸ்பானரை எடுப்பது, இரத்தப் பரிசோதனை செய்யாமல் சத்திரசிகிச்சைக்கு நாள் குறிப்பதைப் போன்றது.

ஆனால் அந்த மென்பொருள் யார் கையில் இருக்கிறது? இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள், இருந்த வண்டிகளையே திருத்தித் திருத்தி ஓட்டினோம். அந்தச் சுமையைத் தாங்கியவை பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளும் ஊர்தோறும் உள்ள சிறு கராஜுகளுமே. அவர்களுக்கு நிறுவனத்தின் மென்பொருள் எட்டாக்கனி. ஆகவே, எங்கோ நகலெடுக்கப்பட்ட மென்பொருளைப் பழைய மடிகணினியில் ஏற்றி வேலை செய்கிறார்கள். ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கெனச் செய்யப்பட்ட வண்டிகளென்றால், அந்த நகல் அவற்றை அடையாளம் காணுமா என்பதும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. எழுதும்போது நடுவில் தடைப்பட்டால் கட்டுப்பாட்டுக் கணினியே செத்துப்போகலாம். பழி மெக்கானிக்கின் தலையில். என்னைக் கேட்டால், பூட்டியவனைக் கேட்காமல் சுவரேறிக் குதித்தவனை மட்டும் கேட்பது நீதியல்ல.

பாதுகாப்புக்காகத்தான் பூட்டுகிறோம் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். சாவிக் குறியீடு, திருட்டுத் தடுப்பு ஆகியவற்றுக்கு அந்த வாதம் பொருந்தும். தேய்ந்த தட்டை மாற்றியவன் பிடிப்புப் புள்ளியைக் கற்பிப்பதில் என்ன திருட்டு இருக்கிறது? அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012இல் வாக்களித்து, சுயாதீனத் திருத்துநர்களுக்கும் இந்தத் தகவல்களைத் தர வேண்டுமென்று சட்டமாக்கினார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2007ஆம் ஆண்டின் ஒழுங்குவிதியிலேயே இதற்கு வழி செய்தது. அவுஸ்திரேலியாவில் 2022 ஜூலை முதல், நியாயமான விலைக்குத் தகவலைப் பகிர வேண்டும் என்ற ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. இலவசமாக அல்ல, விலைக்குத்தான். நமது கராஜ்காரரும் தானம் கேட்கவில்லை. ஒரு நாளுக்கோ ஒரு வண்டிக்கோ கட்டணம் செலுத்தி அசல் மென்பொருளைப் பயன்படுத்தும் வாய்ப்பையே கேட்கிறார். இறக்குமதி அனுமதிக்கும் முகவர் நியமனத்துக்கும் இதை ஒரு நிபந்தனையாக்க அரசாங்கத்துக்கு எந்தத் தடையும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மென்பொருளைத் தெய்வமாக்கவும் வேண்டாம். எஞ்சினின் பின்புற சீலிலிருந்து கசிந்த எண்ணெய் தட்டில் படிந்திருப்பதை எந்தத் திரையும் நேரே காட்டாது. பறக்கும் சில்லில் நீலம் பாய்ந்த சூட்டுத் தழும்புகளைக் கண்தான் காண வேண்டும். பழைய மெக்கானிக்கின் கண்ணும் புதிய பையனின் மடிகணினியும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் கராஜ்தான் நல்ல கராஜ். கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் போன்ற இடங்களில் பயிலும் இளைஞர்களோடு, இருபது முப்பது ஆண்டுகள் கையில் கிறீஸ் படிந்தவர்களுக்கும் மாலை வகுப்புகள் நடத்தினால் என்ன?

வாகன உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிளட்ச் மாற்ற வேண்டும் என்று சொல்லப்பட்டால், கழற்றுவதற்கு முன் கணினியில் பதிவான பிழைக் குறியீடுகளையும் பிடிப்புப் புள்ளியின் அளவையும் காட்டச் சொல்லுங்கள். வேலை முடிந்த பின் புதிய அளவையும் கேட்டு, இரண்டையும் பற்றுச்சீட்டின் பின்புறத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த கராஜ்காரருக்கு அது உதவும்.