சுவருக்கு வாயும் உண்டு

சுவருக்குக் காது உண்டு என்று பெரியோர் சொல்லி வைத்தார்கள். சுவருக்கு வாயும் உண்டு என்பதைச் சங்கீத மண்டபம் கட்டுகிறவர்கள் நன்றாய் அறிவார்கள். பாடகர் ஒரு முறை பாட, சுவர் அதையே திருப்பிப் பாடும். வழவழப்பான சுவரானால், கண்ணாடி வெயிலைத் திருப்புவதுபோல் ஒலியை ஒரே திசையில் திருப்பி அடிக்கும். ஓர் ஆசனத்தில் இரைச்சல், மற்றோர் ஆசனத்தில் ஏமாற்றம்!

ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் 2017 ஜனவரி 11-ந் தேதி திறக்கப்பட்ட எல்ப்ஃபில்ஹார்மனி மண்டபத்தில் இதற்குச் செய்திருக்கும் பரிகாரம் அதிசயமானது. யசுஹிஸா டொயோட்டா என்னும் ஜப்பானிய ஒலி நிபுணரின் யோசனைப்படி, சுவர்களையும் கூரையையும் சுமார் 10,000 பலகைகளால் போர்த்தியிருக்கிறார்கள். ஜிப்ஸத்துடன் பழைய காகிதத்தின் நாரைச் சேர்த்துச் செய்த பலகைகள் அவை. மெல்லிய மரப் பலகை தானும் அதிர்ந்து கீழ் ஸ்தாயி ஒலிகளை விழுங்கிவிடும். கனத்த ஜிப்ஸமோ வாங்கியதைப் பெரும்பாலும் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். பலகைகளில் சிப்பி சிப்பியாகச் சுமார் 10 லட்சம் குழிகள்; அகலம் 4 முதல் 16 சென்டிமீட்டர் வரை. ஒலியைச் சிதறச் செய்து நாற்புறமும் வழங்குவது இவற்றின் வேலை. எந்த இரண்டு பலகையும் ஒன்றுபோல் இல்லை. ஆகையால் கணினி வடிவத்தைக் கணக்கிட்டுச் சொல்ல, யந்திரம் ஒவ்வொன்றையும் தனித்தனியே குடைந்தது.

இவ்வளவும் செய்தும் 2019 ஜனவரியில் என்ன நடந்தது? ஜோனாஸ் காஃப்மன் என்னும் பிரபல பாடகர், மாலர் இயற்றிய 'பூமியின் கீதம்' பாடுகையில், ஒன்றும் கேட்கவில்லை என்று ரஸிகர் சிலர் குரல் எழுப்பினார்கள். அங்கே 2,100 ஆசனங்களும் மேடையைச் சூழ்ந்து நாலு பக்கமும் இருக்கின்றன. மனிதனுடைய வாயோ முன்பக்கம்தான் இருக்கிறது! சொல்லைச் சொல்லாக்கும் நுண்ணிய ஒலிகள் முன்னோக்கியே செல்கின்றன. அவற்றைப் பாடகரின் முதுகுப்புறம் இருப்பவருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கச் சுவரால் முழுதும் முடிவதில்லை.

ஹாம்பர்க் ஜனங்களின் வரிப்பணம் 78 கோடியே 90 லட்சம் யூரோ இம்மண்டபத்துக்குச் செலவாயிற்று. பலகை செய்தவர்களின் திறமையை நாம் குறை கூறவில்லை. ஆனால், பலகை குடைவதற்கு முன்பே கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பாடுகிறவர் எந்தப் பக்கம் பார்த்து நிற்பார், கேட்கிறவர் எங்கே உட்காருவார்? நாலு பக்கமும் ஆசனம் என்று தீர்மானித்த பிறகு, பாட்டுக் கச்சேரியன்று பின்புறத்து ஆசனங்களை விற்காமலிருப்பதே நியாயம் என்பது நம் அபிப்பிராயம்.