கடிதம் பழம்பெருமை அல்ல

"கொல்லிமலைக்கே செல்போன் வந்துவிட்டது, இன்னும் எதற்குக் கடிதம்? வெறும் பழம்பெருமை" என்று நண்பர் சாதிக்கிறார். அந்த மலையின் செம்மேட்டுக்காரனாகப் பதில் சொல்கிறேன்.

நான் நாமக்கல்லில் விடுதியில் படித்தபோது, 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கித்தான் அம்மாவின் கடிதம் வரும். தாமதம்தான், மறுக்கவில்லை. ஆனால் போனில் அம்மா பேசினால் "சாப்பிட்டியா, அங்க மழை பெஞ்சுதா" என்பதோடு சரி. அதே அம்மா இன்லாண்டு லெட்டரின் மடிப்போரத்தில், இடம் போதாமல் குறுக்கே திருப்பி எழுதிய இரண்டு வரியில்தான் அப்பா பட்ட கடனைச் சொல்லியிருந்தாள். குரல் உடைந்துவிடுமோ என்று பயப்படுகிறவர்களுக்குக் காகிதம்தான் துணை. இதைப் பழம்பெருமை என்பது அநியாயம்.

1948-இல் மறைந்த எழுத்தாளர் புதுமைப்பித்தன் தன் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் 'கண்மணி கமலாவுக்கு' என்று புத்தகமாக நம் கையில் இருக்கின்றன. அத்தனையையும் போனில் பேசித் தீர்த்திருந்தால், அந்த வறுமையும் அன்பும் நமக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

பிரசவ வலிக்குக் கடிதம் போட முடியாது, அவசரத்துக்குப் போன்தான். மற்றதற்கும் அதுவே போதும் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அம்மா போய்விட்டாள். போனில் பேசியதில் ஒன்றும் மிச்சமில்லை. அந்த நீல லெட்டர் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.