மூன்றாவது ஓட்டை

தில்லியில் கோடை என்றால் கூலர். தகரப் பெட்டி, மூன்று பக்கமும் மரச்சீவல் அடைத்த தட்டிகள், அடியில் தொட்டி நிறையத் தண்ணீர், அதில் மூழ்கிக் கிடக்கும் உள்ளங்கை அளவு பம்ப், நடுவே ஒரு விசிறி. 1995 மே மாதம் நான் குடியிருந்த வாடகை வீட்டில் இப்படி ஒன்று இருந்தது. ஒரு நாள் தூசி துடைக்கப் போனபோது விரலில் 'சுருக்' என்றது. எறும்புக் கடி மாதிரி.

வீட்டுக்கார அம்மாளிடம் சொன்னேன். "எல்லா வீட்டுக் கூலரும் அப்படித்தான். செருப்புப் போட்டுக்கொண்டு தொடுங்கள்" என்றார். மனம் கேட்காமல் எலெக்ட்ரீஷியனை அழைத்துவந்தேன். அவர் தகரத்தில் டெஸ்டரை வைத்தார். எரிந்தது. இரண்டு முனைப் பிளக்கைப் பிடுங்கி, திருப்பிப் போட்டுச் செருகினார். மறுபடி டெஸ்டரை வைத்தார். எரியவில்லை. பத்து ரூபாய் வாங்கிக்கொண்டு போய்விட்டார். நானும் பெரிய வித்தையைப் பார்த்த திருப்தியில் இருந்தேன்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. யாரோ பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகியிருக்கிறார்கள். எந்தப் பக்கம் என்று யார் கண்டார்கள்? வெறுங்காலோடு தரையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்த வேலைக்காரப் பெண் கூலரில் கையை ஊன்றினாள். அலறல் கேட்டு ஓடினேன். கை தானாக உதறிக்கொண்டதால் பிழைத்தாள். அரை மணி நேரம் சுவரோரம் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தாள். ஃப்யூஸ் போகவில்லை. கூலர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு எறும்புக் கடி, அவளுக்கு அலறல். அதே கூலர், அதே 230 வோல்ட். ஏன்?

விடை அந்த எலெக்ட்ரீஷியனின் சட்டைப் பையிலேயே இருந்தது. டெஸ்டரை எப்படிப் பிடிப்பார்கள் என்று கவனித்திருப்பீர்கள். நுனியை மின்சாரம் வரும் இடத்தில் வைத்து, கட்டை விரலால் பின்பக்க உலோகத் தொப்பியை அழுத்துவார்கள். விரலை எடுத்தால் விளக்கு அணைந்துவிடும். காரணம், மின்சாரம் ஒரு வழியாக வந்து நின்றுவிடும் பொருள் அல்ல. கிளம்பிய இடத்துக்குத் திரும்பிப் போக வழி இருந்தால்தான் கிளம்பவே கிளம்பும். சர்க்யூட், மின்சுற்று என்ற சொற்களுக்கு அவ்வளவுதான் பொருள். டெஸ்டர் விஷயத்தில் அந்தத் திரும்பும் வழி நீங்கள். விரல், உடம்பு, கால், தரை என்று மின்சாரம் போகிறது. ஸ்விட்ச், பல்பு, வயர் போல நீங்களும் அந்தச் சுற்றில் ஒரு பாகம்.

தரையிலிருந்து அது எங்கே போகிறது? தெருமுனை டிரான்ஸ்ஃபார்மருக்கு. அங்கிருந்து வீட்டுக்கு வரும் இரண்டு கம்பிகளில் ஒன்று ஃபேஸ், மற்றது நியூட்ரல். நியூட்ரலை டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும் இடத்திலேயே பூமியோடு இணைத்திருக்கிறார்கள். அதனால் பூமியும் ஒரு திரும்பும் கம்பி ஆகிவிடுகிறது. ஒற்றைக் கம்பியில் உட்காரும் காக்கைக்கு ஒன்றும் ஆகாததும், தரையில் நிற்கும் நாம் ஃபேஸை மட்டும் தொட்டாலே அடி வாங்குவதும் இதனால்தான்.

எவ்வளவு மின்சாரம் ஓடும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. ஜெர்மனியில் பள்ளி ஆசிரியராக இருந்த கியோர்க் ஓம் 1827-ல் வெளியிட்டது. அவர் காலத்து பாட்டரிகள் நிலையாக வேலை செய்யாது. அதனால் இரண்டு உலோகங்களைச் சேர்த்து, ஒரு முனையைக் கொதிநீரிலும் மறு முனையைப் பனிக்கட்டியிலும் வைத்துக் கிடைத்த சொற்ப மின்சாரத்தில் கண்டுபிடித்தார். சொந்த நாட்டில் அதிகம் பேர் மதிக்கவில்லை. 1841-ல் லண்டன் ராயல் சொசைட்டி பதக்கம் கொடுத்தது. வோல்ட்டை, வழியில் இருக்கும் தடையால் வகுத்தால் ஆம்பியர். தடையின் அளவுக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.

டெஸ்டருக்குள் நியான் விளக்கோடு பெரிய தடை ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய பத்து லட்சம் ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230-ஐ அதனால் வகுத்தால் 0.23 மில்லி ஆம்பியர். உடம்புக்குத் தெரியவே தெரியாது. உலர்ந்த கை, காலில் செருப்பு. என் தடையை 50,000 ஓம் என்று வைத்தால் நாலரை மில்லி ஆம்பியர். சுருக். ஈரக்கை, வெறுங்கால், ஈரத்தரை என்றால் உடம்பின் தடை 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். அப்போது 230 மில்லி ஆம்பியர்.

ஒரு மில்லி ஆம்பியரில் உடம்பு உணர ஆரம்பிக்கிறது. பத்தைத் தாண்டினால் தசைகள் இறுகிப் பிடித்த கையை விட முடியாது. 'கரண்ட் இழுத்துக்கொண்டது' என்கிறோமே, உண்மையில் அது இழுப்பதில்லை. நம் கைதான் விடமாட்டேன் என்கிறது. முப்பதில் மூச்சு திணறும். ஐம்பது, நூறு என்று போகும்போது இதயம் துடிப்பதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்க ஆரம்பிக்கும். அந்தப் பெண் பிழைத்ததற்குக் காரணம், பம்பில் கசிந்த இடத்திலேயே கொஞ்சம் தடை மிச்சமிருந்திருக்க வேண்டும். பிளக்கைத் திருப்பிய வித்தையும் இதே வகைதான். கசிவு அப்படியே இருந்தது. ஃபேஸ் பக்கம் இருந்தது நியூட்ரல் பக்கம் ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

சரி, ஃப்யூஸ் ஏன் போகவில்லை? நம்மில் பெரும்பாலோர் ஃப்யூஸ் நம்மைக் காப்பாற்ற இருக்கிறது என்று நினைக்கிறோம். அது வயரைக் காப்பாற்ற இருக்கிறது. பண்டிகைக்குப் போடும் பழைய சீரியல் செட்டில் பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கும். ஒன்று போனால் எல்லாம் அணையும். வீட்டு வயரிங் அப்படியல்ல. ஒவ்வொரு சாதனமும் தனித்தனியாக 230 வோல்ட்டைப் பெறும்படி பக்கம் பக்கமாக இணைத்திருக்கிறார்கள். எனவே ஒவ்வொன்றைப் போடும்போதும் பொது வயரில் ஓடும் மின்சாரம் கூடிக்கொண்டே போகும். 1,000 வாட்ஸ் இஸ்திரிப் பெட்டிக்கு நாலே கால் ஆம்பியருக்குச் சற்று மேல். 2,000 வாட்ஸ் கீஸருக்கு எட்டே முக்கால். மின்சாரம் இரண்டு மடங்கானால் வயரின் சூடு நாலு மடங்கு. வயர் உருகித் தீப்பிடிப்பதற்கு முன் ஃப்யூஸ் உருகிக்கொள்கிறது. எம்.சி.பி. வந்த பிறகும் வேலை அதேதான்.

6 ஆம்பியர் ஃப்யூஸ் என்பது 6,000 மில்லி ஆம்பியர். நீங்கள் 230. ஃப்யூஸின் கண்ணுக்கு நீங்கள் ஒரு 60 வாட்ஸ் குண்டு பல்பைவிடச் சின்னவர். பல்பு எரிவதற்காக எந்த ஃப்யூஸாவது போகுமா?

இங்கேதான் பிளக் பாயின்ட்டின் மூன்றாவது ஓட்டை வருகிறது. மேலே, மற்ற இரண்டைவிடப் பெரியது. கூலர், ஃப்ரிட்ஜ், இஸ்திரிப் பெட்டி போன்றவற்றின் உலோக உடம்பிலிருந்து பச்சை வயர் ஒன்று அதன் வழியாகப் பூமிக்குப் போகிறது. பிளக்கில் அந்த முனை மட்டும் நீளமாக இருப்பது அழகுக்கு அல்ல. செருகும்போது முதலில் தொட்டு, பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும் என்பதற்காக. உடம்பில் மின்சாரம் கசிந்தால் உங்கள் வழியாகப் போவதைவிடச் சுலபமான வழி அதற்குக் கிடைத்துவிடும். அந்த வழியின் மொத்தத் தடை இரண்டு ஓம் என்றால் 115 ஆம்பியர் பாயும். ஃப்யூஸ் கண் இமைக்கும் நேரத்தில் போய்விடும்.

ஆனால் நாம் அந்த ஓட்டையில் பென்சிலைச் செருகி, கதவைத் திறக்க வைத்து, இரண்டு முனைப் பிளக்கை உள்ளே தள்ளுகிறவர்கள். என் வீட்டில் அதைக் கழற்றிப் பார்த்தபோது பின்னால் வயரே இல்லை. வெறும் ஓட்டை. சில வீடுகளில் வயர் இருக்கும். போய்த் தண்ணீர்க் குழாயில் கட்டியிருக்கும். இரும்புக் குழாய்க் காலத்தில் அது அரைகுறையாகவாவது உதவியது. பிளாஸ்டிக் குழாய் போட்ட பிறகு அந்த வயர் எங்கும் போகவில்லை. முறையாகக் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டுக் குழாய் இறக்கிய எர்த்தும் கோடையில் மண் காய்ந்தால் தடை ஏறிவிடும். 50 ஓம் ஆகிவிட்டால் பாய்வது 4.6 ஆம்பியர்தான். 6 ஆம்பியர் ஃப்யூஸ் பேசாமல் இருக்கும். கூலரின் தகரத்தில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். அந்தக் குழிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்வது சாஸ்திரம் அல்ல.

இந்த ஓட்டை எல்லாவற்றையும் ஓரளவு அடைக்கும் கருவி ஆர்.சி.சி.பி. கணக்குப்பிள்ளை மாதிரி. ஃபேஸில் போனது எவ்வளவு, நியூட்ரலில் திரும்பியது எவ்வளவு என்று மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டு கம்பிகளும் ஒரு இரும்பு வளையத்துக்குள் போகின்றன. போனதும் வந்ததும் சமம் என்றால் இரண்டின் காந்த விளைவும் ஒன்றையொன்று அடித்துவிடும். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரைத் தொட்டால், எங்கோ யார் வழியாகவோ தரைக்குப் போகிறது என்று அர்த்தம். ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு நேரம்கூட எடுக்காமல் மெயினைத் துண்டித்துவிடும். அப்போதும் ஒரு அடி விழும். ஆனால் உயிர் இருக்கும். ஃபேஸை ஒரு கையிலும் நியூட்ரலை மறு கையிலும் பிடித்தால் மட்டும் இதனாலும் காப்பாற்ற முடியாது. அதன் கணக்கில் நீங்கள் அப்போது நியாயமான ஒரு பல்பு.

இதில் 'டெஸ்ட்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அவ்வப்போது அழுத்திப் பார்க்க வேண்டும். மெயின் விழுந்தால் நல்லது. என் நண்பர்களில் நாலைந்து பேர் வீட்டில் அந்தப் பொத்தானைச் சுற்றி ஒட்டடை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2021-ல் மட்டும் மின்சாரம் தாக்கி இந்தியாவில் இறந்தவர்கள் 12,000 பேருக்கு மேல். வயலில், கம்பத்தில், வேலைத்தலத்தில் இறந்தவர்களும் இதில் அடக்கம். கூலரைத் தொட்டவர்களும்தான்.

பெரிய செலவில்லை என்பதால் அந்தக் கோடையிலேயே எர்த் குழாய் இறக்கி, கூலருக்கு மூன்று முனைப் பிளக் போட்டேன். வீட்டுக்கார அம்மாளுக்கு அது வீண் ஆடம்பரம். இரண்டு வருடம் கழித்து வீடு மாறும்போது கூலரைப் பக்கத்துத் தெருக்காரர் வாங்கிக்கொண்டார். மேலே சொன்ன அத்தனையையும் அவருக்கும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். தூக்கிப் போய்ப் பொருத்தும்போது கூடப் போனேன். அவர் வீட்டுப் பாயின்ட்டில் இரண்டு ஓட்டைதான். ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு குறட்டை எடுத்து, பெரிய முனையைத் திருகிப் பிடுங்கிவிட்டுச் செருகினார். கூலர் ஓடியது.